கையால் திருகும் லென்ஸ்

மனைவி மகளோடு பிரிந்துபோன பிறகு, ஜெரோமால் குழந்தையைப் பார்க்கவே முடியவில்லை. பள்ளி விளையாட்டு விழாவன்று கம்பி வேலிக்கு வெளியே நின்றான். வேறு கம்பெனியின் பழைய ஜூம் லென்ஸை அடாப்டர் வைத்துத் தன் டிஜிட்டல் கேமராவில் மாட்டியிருந்தான். அதில் ஃபோகஸ் தானாக வராது, கையால்தான் திருக வேண்டும். மைதானத்தின் மறுகோடியில் மகள் ஆக்னஸின் முகம் மெல்லத் தெளிந்தது. முன்பல் ஒன்று இல்லை. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிய அவளை யார் தூக்கிப் பிடித்தார்களோ. பந்தயம் முடிந்ததும் அவள் அவனைக் கண்டுகொண்டு வேலியை நோக்கி ஓடிவந்தாள். அவன் விடாமல் திருகினான். மிக அருகில் வந்ததும் லென்ஸின் ஃபோகஸ் வளையம் அதற்குமேல் நகரவில்லை. முகம் கலங்கிப்போயிற்று.

"அப்பா, கேமராவ எறக்குங்கப்பா. நான் இங்கதான நிக்கிறேன்."

"இதோ எறக்கிட்டேன்மா" என்றான், இறக்காமலே.