பல்பு இல்லாத நட்சத்திரம்

கோளரங்க மெஷினில் பிரகாசமான நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் தனி பல்பு உண்டு. கப்பல் மண்டலத்தின் அகத்திய நட்சத்திரத்துக்கான பல்பு மூன்று நாள் முன்பு எரிந்துபோனது. மெஷினை இயக்கும் அவள்தான் அதைக் கழற்றி வைத்தாள். மீன்பிடிக்கப் போன அவள் கணவனின் படகிலிருந்தும் அன்றுமுதல் தகவல் இல்லை.

இன்று காலை பதினோரு மணிக் காட்சியில், மஞ்சளும் வெள்ளையும் கலந்த அந்த நட்சத்திரம் குவிமாடத்தில் பளிச்சென்று எரிந்தது.

"புது பல்பு வந்துடுச்சாம்மா? சொல்லவே இல்ல!" என்றார் மேலாளர்.

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஹோல்டர் காலியாக இருந்தது.

கூட்டம் வெளியேறும்போது செல்போன் அடித்தது.

"நான்தான். உயிரோட இருக்கேன், அழாத" என்றான் கணவன். "மூணு நாளா மூடுபனி, திசையே தெரியல. பதினோரு மணிக்கு ஒரு நட்சத்திரம் தெரிஞ்சுது. பட்டப்பகல்ல! சொன்னா சிரிப்பே. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றோம்."

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "கரை வந்தாச்சா?"

"சிக்னல்தான் வந்திருக்கு. கரை இன்னும் தெரியல."

மேலாளரின் கை மெயின் சுவிட்சுக்குப் போனது.

"சார், கையை எடுங்க!"

"மெஷின் ஆற வேண்டாமாம்மா?"

"சாயங்காலம் ஆறட்டும் சார்."

சுவிட்சுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, கண்ணை எடுக்காம அதையே பாத்துக்கிட்டு வாங்க" என்றாள்.