மந்திரி என்ன சொன்னார்?

“விசில் அடிக்காதே. எனக்கு அந்தப் பக்கம் யாரு உட்கார்ந்திருக்காருன்னு தெரியுமில்ல?”

“தெரிஞ்சுதான் அடிக்கிறேன்” என்ற மனைவி, இரண்டு விரல்களை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனாள்.

கணவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான். தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த படத்தின் ஒலிப்பதிவாளன் அவன்தான். திரையில் அவன் பெயர் தனியாக வந்த முதல் படம். பெயர் வந்தபோது அவள் அடித்த விசிலில் முன்வரிசையே திரும்பிப் பார்த்திருந்தது.

அவனுக்கு மறுபக்கம் தணிக்கை அதிகாரி. அடையாளம் தெரிந்தால் கூட்டம் சட்டையைக் கிழித்துவிடும் என்ற பயத்தில், கைக்குட்டையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, மந்திரி ரூம் சீன் எப்போ?”

“இன்டர்வெலுக்குக் கொஞ்சம் முன்னாடி சார்.”

“அந்த ஒரு வசனத்தோட சத்தத்தை மூடச் சொல்லித்தான் சர்டிபிகேட்டே கொடுத்தோம். அது தியேட்டர்ல கணீர்னு கேக்குதுன்னு ஒருத்தர் புகார் கொடுத்திருக்காரு. என் காதுல விழுந்துச்சுன்னு வைங்க, இன்னிக்கே எல்லா ஊர்லேயும் படத்தைத் தூக்கிடுவோம். அப்புறம் உங்களை நம்பி எவனும் வேலை கொடுக்க மாட்டான்.”

“சரிங்க சார்.” கணவன் சட்டைக் கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“எதுக்குங்க இப்படி வேர்த்துக் கொட்டுது? நீங்கதான் மூடிட்டீங்களே!” என்றாள் அவன் காதில்.

“மூடிட்டேன், மூடிட்டேன்.”

“அப்புறமென்ன? அது என்ன வசனம்னு கட்டின பொண்டாட்டிகிட்டயாவது சொல்லலாமில்ல? உலகமே மண்டையை உடைச்சுக்கிட்டுக் கிடக்குது.”

“நீ கொஞ்ச நேரம் சும்மா இரேன், உனக்குப் புண்ணியமாப் போகும்.”

பின்வரிசையிலிருந்து பாப்கார்ன் பொட்டலத்தோடு ஓர் அம்மாள் எட்டிப்பார்த்தாள். “அவருகிட்ட எதுக்கும்மா கெஞ்சுறே? நான் மூணாவது தடவை பாக்குறேன். உதட்டையே உத்துப் பாரு, தானா வெளங்கும். ஜனங்களை நாய்ங்கன்னு சொல்றான்.”

“நாயுமில்ல, பேயுமில்லக்கா” என்று முன்வரிசையில் கட்சி பேட்ஜ் குத்தியிருந்தவர் திரும்பினார். “எங்க தலைவரைப் பேர் சொல்லியே திட்டுறான். எழுந்து நின்னு கத்தணும்னே நாங்க ஒரு வரிசை பூரா டிக்கெட் போட்டு வந்திருக்கோம்.”

“உங்க தலைவரைத் திட்டுற அளவுக்கு அவரு என்ன பெரிய ஆளா? திட்டுறது எங்க தலைவரை!” என்று பக்கவாட்டிலிருந்து இன்னொரு பேட்ஜ் கொதித்தது.

“சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க! வருது, வருது!” என்றாள் பாப்கார்ன் அம்மாள்.

திரையில் மந்திரியின் அறை. வெளியே வேலைநிறுத்தக்காரர்களின் கோஷம். நாற்காலியில் சாய்ந்திருந்த மந்திரி வாசல் பக்கம் திரும்பினார். முகத்துக்கு முன்னால் கையை ஒரு வீசு வீசினார். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

அரங்கம் வெடித்தது.

“டேய், மந்திரி வாயைத் திறந்து விடுங்கடா!”

“கையைப் பாரு, கையைப் பாரு! ஜனங்களை எப்படி ஓட்டுறான் பாரு!”

“எங்க தலைவர்கிட்ட மன்னிப்புக் கேளு!”

“எங்க தலைவர்கிட்ட முதல்ல கேளு!”

பாப்கார்ன் அம்மாள் பொட்டலத்தையே திரையை நோக்கி வீசினாள். அது அதிகாரியின் தலையில் கொட்டியது. மனைவி இருக்கைமேல் ஏறி நின்று விசிலடித்தாள். கிழித்த காகிதம் மழையாகப் பறந்தது. யார் யாரை எதிர்த்துக் கத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே குஷி. மந்திரி காட்சி முடிந்து அடுத்த காட்சியில் ரயில் ஓடியபிறகுதான் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கணவன் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தான்.

இடைவேளையில் வெளியே வந்த அதிகாரி, ஒரு தூண் மறைவில் நின்று தலைமுடியிலிருந்த பாப்கார்னை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“தம்பி, காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். மந்திரி ரூம்ல ஒரு எழுத்துகூடக் கேக்கல. சுத்தமா மூடியிருக்கீங்க. புகார் கொடுத்த ஆளுக்கு வேற வேலையில்ல போல.”

“அப்போ படம் சார்...?”

“ஓடட்டும், ஓடட்டும். நான் கிளம்புறேன். அந்தம்மா இன்னொரு பொட்டலம் வாங்கிட்டு வருது.” கைக்குட்டையை மறுபடியும் முகத்தில் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மனைவி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “கூட்டம் என்னமா எகிறுது! எல்லாம் நீங்க மூடின அழகுதாங்க! இப்பவாவது சொல்லுங்க, அந்த இடத்துல மந்திரி என்னதான் சொல்றாரு?”

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தான்.

“‘கதவைச் சாத்துய்யா, கொசு வருது.’”

“விளையாடாதீங்க. இதையா மூடச் சொன்னாங்க?”

“அவங்க மூடச் சொன்னது அதுக்கு அடுத்த வசனத்தை. ரிலீஸ் அவசரத்துல நான்தான் ஒண்ணு முன்னாடி மூடித் தொலைச்சுட்டேன். அந்த வசனம் முதல் நாள்லேர்ந்து ஷோ தவறாம முழுசா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க அடிக்கிற விசில்ல யாருக்குக் கேக்குது?”