முன்பு அரைத்தது என்ன?

ஒரு மாவு மில்லில் இரண்டு தகரப் பலகைகள் வாழ்ந்து வந்தன. ஒன்றில் 'ரவை' என்றும், மற்றதில் 'நைஸ்' என்றும் எழுதியிருந்தது. வாசலில் அடித்த புது ஆணியோ ஒன்றே ஒன்று. அதில் தொங்கப்போவது யார் என்பதே வழக்கு.

"அண்ணே, நான் சீமை வம்சம். என் பூர்விகத்தைக் கேட்டால் நீரே ஒதுங்கிக்கொள்வீர்" என்ற நைஸ், பொட்டலம் மடிக்க வந்திருந்த பழைய ஆங்கில அகராதியைச் சாட்சிக்கு அழைத்தது.

அகராதி தயங்கியது. "வாசித்தே ஆகவேண்டுமா, தம்பி?"

"உரக்கவே வாசியும், ஐயா."

"உன் மூலம் லத்தீன். அங்கே உனக்கு 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள். பிரெஞ்சில் மடையன். ஆங்கிலத்தில் குடியேறியபோதும் மடையன்தான். பிறகு கூச்சக்காரன் ஆனாய், நுணுக்கம் பார்ப்பவன் ஆனாய். நல்லவன் என்று பெயரெடுக்கப் பல நூறு வருஷம் பிடித்தது."

ரவை சிரித்த சிரிப்பில் தகரம் கடகடத்தது. "வாரும், சீமை மடையரே."

நைஸ் வெட்கத்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

அவ்வேளை கோமளம் என்னும் பெண்மணி இடியாப்பத்துக்குப் பச்சரிசி கொண்டுவந்து மில்காரரிடம் கேட்டாள்: "முன்னாடி என்ன அரைச்சீங்க, சடையப்பண்ணே?"

"மிளகாய்தாம்மா. மூணு பிடி அரிசி போட்டு ஓட்டித் தள்ளிட்டேன். இனிமே காரம் ஏறாது."

மாவு வந்தது. கோமளம் அதை விரலில் தேய்த்தாள், நாவிலும் வைத்துப் பார்த்தாள். "துளி காரமில்லை. நல்ல நைஸ்" என்று முகம் மலர்ந்தாள்.

உச்சி குளிர்ந்த சடையப்பன், நைஸ் பலகையை அப்போதே கழற்றி வாசலுக்குக் கொண்டுபோனார்.

போகிற போக்கில் அது ரவையிடம் மெல்லச் சொன்னது:

"மிளகாய்க் காரம் போக மூன்று பிடி அரிசி போதுமாம், அண்ணே. என்னை எத்தனை நூறு வருஷம் அரைத்திருக்கிறார்கள்."