தவ்ஃபீக் மாட்டிய அட்டை

"வேலை முடிஞ்சிச்சு மாமு. ஒரு டீ அடிச்சுட்டு வந்து அட்டைய நானே கழட்டிக்கிறேன்."

"நீ வர்றதுக்குள்ள கரண்ட்டு பூட்ச்சின்னா?"

"வெயிட் பண்ணு. என் அட்டைல வேற எவனும் கை வைக்கக் கூடாது."

ஜெனரேட்டர் ஆபரேட்டர் லோகநாதனிடம் தவ்ஃபீக் கடைசியாகப் பேசியது அதுதான். டீக்கடைக்குப் போன வழியில் ஒரு கன்டெய்னர் லாரி அடித்துவிட்டது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. காசிமேட்டு ஐஸ் பேக்டரியின் இரண்டாம் நம்பர் ஜெனரேட்டரை லைனில் சேர்க்கும் சுவிட்ச் போர்டின் கைப்பிடியில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறது. 'ஆள் வேலையில் இருக்கிறார் - தவ்ஃபீக்.'

அட்டை தொங்கும்வரை யாரும் கைப்பிடியைத் தூக்கக் கூடாது; மாட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும். அவர் இல்லையென்றால் அவர் வீட்டு ஆள் சொல்ல வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். தவ்ஃபீக்கின் மனைவி சாபிரா இப்போது அதே பேக்டரியில்தான் கூட்டிப் பெருக்குகிறாள். அவளிடம் போய்க் கேட்க லோகநாதனுக்கு வாய் வந்ததே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. உப்புக் காற்றில் போர்டின் பெயின்டே உரிந்துவிட்டது. அட்டையில் இருந்த நீல மார்க்கர் எழுத்து மட்டும் மங்கவில்லை. நேற்று எழுதியதுபோலவே இருந்தது. அதனாலேயே அந்த அறைக்குள் யாரும் தனியாகப் போவதில்லை.

இன்று பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை. கரண்ட் போனது. ஆட்டோமேட்டிக் பேனலும் செத்துவிட்டது. லோகநாதன் எல்லாவற்றையும் கைக்கு மாற்றி, முதல் ஜெனரேட்டரை ஓட்டினார். பாரம் தாங்காமல் அதன் மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வந்தது. லைட்டுகள் மங்கின.

"மீனு மொத்தமும் நாறிப்பூடும்யா!" வாசலில் நின்று பூவம்மா கத்தினாள். உள்ளே ஐஸ் ரூமில் இருந்தது அவள் மீனும், அவளைப் போன்ற நாற்பது பெண்களின் மீனும். "ரெண்டாவத போடேன்! செத்தவனுக்குப் பயந்துகினு கீறியே, உயிரோட கீற என்னைப் பார்த்தா பயமா இல்லியா?"

சாபிரா டீ கொண்டுவந்து நீட்டினாள். அவள் விரல் நுனியில் நீல மை. பையனுக்கு ஸ்கூல் சார்ட் எழுதிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே, டீயை வாங்கி ஓரமாக வைத்தார்.

வேறு வழியில்லை. இரண்டாவதை ஸ்டார்ட் செய்தார். குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, அதன் வேகத்தை முதலாவதோடு சேர்த்தார். போர்டின் மேலிருந்த மூன்று பல்புகளும் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தன. மறுபடி எரிந்தன. யாரோ மூச்சு விடுவதுபோல இருந்தது.

இரண்டு ஜெனரேட்டரும் ஒரே தாளத்துக்கு வரும்போதுதான் மூன்றும் அணையும்; அந்த நொடியில் கைப்பிடியைத் தூக்கி இரண்டையும் சேர்க்க வேண்டும். முந்தினால் இரண்டு ஜெனரேட்டரும் போச்சு.

அணைந்தன. கை போனது. அட்டை தானாக ஆடியது. கை திரும்பிவிட்டது.

"இன்னைக்கு ஒரு நாளு வுட்டுக்குடு மாமு," என்றார் லோகநாதன்.

"யாராண்ட பேசறீங்கண்ணா?" பின்னாலிருந்து சாபிரா.

"அவனாண்டதான்மா. தவ்ஃபீக் இன்னும் போவல. அழிய அழிய வந்து எழுதிட்டுப் போறான். பார் இந்த எழுத்த!"

சாபிரா பார்த்தாள். பல்புகள் எரிந்தன, அணைந்தன. முந்தானை முடிச்சை அவிழ்த்து, எதையோ எடுத்து போர்டின் மேல் வைத்தாள். மூடி தேய்ந்துபோன ஒரு நீல மார்க்கர்.

"அவரு வரலண்ணா, நான்தான் போவ வுடல. கழட்டிடுங்க."