காக்காய்க்கடி

பூரணிக்கும் தங்கை தேன்மொழிக்கும் ஒரே நோய். இருவருக்கும் கைகால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. இருவரின் ரத்தத்தையும் வாங்கி மரபணுவைச் சோதித்தவர்கள், தேன்மொழிக்கு எதுவும் செய்ய முடியவில்லை என்று சொல்லி, பூரணியின் மரபணுவுக்கு மட்டும் பொருந்தும் மாத்திரையைச் செய்து அனுப்பினார்கள். டப்பாவில் அவள் பெயர்தான் அச்சாகியிருந்தது. ஆறே மாதத்தில் எழுந்து நடந்தாள். படுக்கையில் கிடந்த தங்கைக்குத் தலை வாரிவிட்டாள். தினமும் மாத்திரையை வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்து, "வேப்பங்காயா கசக்குதுடி, சனியன்" என்பாள்.

இன்று காலை தேன்மொழி கேட்டாள்: "எனக்கும் கொஞ்சம் தாயேன்க்கா."

"உன் உடம்புக்கு இது கேக்காதுடி. டாக்டர் சொன்னாருல்ல?"

"தெரியும்."

"ஒரு வேளை குறைஞ்சாக்கூட எனக்குப் பழையபடி ஆயிடும்னாரு."

"அதுவும் தெரியும்."

பூரணி டப்பாவிலிருந்து அன்றைய மாத்திரையை எடுத்தாள். பிறகு மாத்திரையைப் புடவைத் தலைப்பில் சுற்றி, சின்ன வயதில் கடலைமிட்டாயைப் பங்கு போட்டதுபோல, காக்காய்க்கடி கடித்தாள். பெரிய துண்டைத் தங்கையின் நாக்கில் வைத்தாள்.

தேன்மொழி கண்ணை மூடி, அது முழுதாகக் கரையும்வரை சுவைத்தாள். கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்:

"இனிக்குதேக்கா."