சைக்கிளில் போனவர்

வரலாற்றுக் கட்டுரையில் யார் பெயரை எழுதினாலும் அவருடைய வாரிசு விரல் வைத்துச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தவரின் பெயரும் வீட்டு முகவரியும் கட்டுரையின் அடியில் வெளியாகும். தமயந்தி கல்லூரிக்குக் கட்டுரை அனுப்ப ஐந்து மணிதான் கெடு. இப்போதே நாலரை.

எண்பது வருடங்களுக்கு முன், ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனதற்காகக் கட்டிவைத்து அடிக்கப்பட்ட சடையனைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். அடித்தவரின் வாரிசுகள் காலையிலேயே சம்மதித்துவிட்டார்கள், அவர் மீசை முறுக்கி நிற்கும் படத்தையும் சேர்த்து. இன்னும் விரல் வைக்காதவள் சடையனின் பேத்தி மட்டும்தான். அது தமயந்தியின் அம்மா.

"ஒரு விரல் வச்சா முடிஞ்சிரும்மா."

"உனக்கு முடிஞ்சிரும். நீங்க என்ன ஆளுங்கன்னு கீழ வீட்டுக்காரம்மா கேட்டப்ப நான் வேற ஆளுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்த வீடு கிடைக்க எத்தன படி ஏறி இறங்கினோம், மறந்துட்டியா?"

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அது மறுபடி சாத்தப்படும்வரை இருவரும் பேசவில்லை.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தமயந்தி சடையனின் பெயரை அழித்துவிட்டு 'ஒருவர்' என்று எழுதினாள். பெயர் இல்லாதவருக்காக யாரும் சம்மதிக்க வேண்டியதில்லை. கட்டுரை உடனே ஏற்கப்பட்டது. அடித்தவர் அதில் முழுப் பெயரோடும் மீசையோடும் இருந்தார்.

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"தாத்தா பேர எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"சைக்கிள எடுக்கலல்ல?"