கைக்குட்டையோடு படியுங்கள்

“மேடம், சாகவேண்டியவ பிழைச்சுட்டா!”

அச்சகத்திலிருந்து வந்த புது இதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார் உதவி ஆசிரியர்.

பத்திரிகையை நடத்துவதும் அதில் தொடர்கதை எழுதுவதும் ஒரே அம்மாதான். தலை நிமிராமலே, “யாரு?” என்றார்.

“உங்க கதாநாயகிதான். ஆபரேஷன் டேபிள்லயே உயிர் போயிடுதுன்னு முடிச்சிருந்தீங்க. இதுல கண்ணைத் திறந்து காபி கேட்கறா! ‘கைக்குட்டையோடு படியுங்கள்’னு விளம்பரம் வேற போட்டுத் தொலைச்சிருக்கோம். மானம் போகுது! யாரோட கைவரிசைன்னு சொல்லுங்க, இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்.”

“நான்தான் மாத்தினேன்.”

உதவி ஆசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைக் கொன்றுவிடாதீர்கள் என்று வாசகர்கள் கெஞ்சியபோது, “கதைக்கு அதுதான் நியாயம்” என்று ஒற்றைக்காலில் நின்றவர் இவர்.

“விற்பனைக்காகவா மேடம்?”

“அப்படித்தான் வெச்சுக்குங்களேன்.”

இவரும் இவ்வளவுதானா என்று மனசு கசந்துவிட்டது. ஆனாலும் உள்ளே ஒரு குறுகுறுப்பு. கடைசி நேரத்தில் எப்போது மாற்றினார்? டைப்பிஸ்ட்டைக் கேட்டால் தெரிந்துவிடப் போகிறது.

டைப்பிஸ்ட்டின் நாற்காலி காலியாக இருந்தது.

“அக்கா லீவாச்சே சார்,” என்றார் பக்கத்து மேஜைக் கணக்கர். “இன்னிக்கு அவங்களுக்கு ஆபரேஷன். கொஞ்சம் பெரிசுதானாம். கடைசி அத்தியாயத்தை அழுதுகிட்டேதான் டைப் அடிச்சாங்க, பாவம்.”

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெதுவாகத் திரும்பி வந்தார்.

“மேடம்... மாத்தினது நீங்க இல்லைதானே?”

“கதவைச் சாத்திட்டு உட்காருங்க. அவ லீவு கேட்டப்ப தலையாட்டிட்டு, கையோட அந்த அத்தியாயத்தையும் அவகிட்டயே நீட்டியிருக்கேன். என் புத்தி எங்கே புல் மேயப் போச்சோ! அவ முடிவை மாத்தி அடிச்சிருந்ததை ப்ரூஃப்ல பார்த்தப்பதான் உறைச்சது.”

“ப்ரூஃப்லயே பார்த்துட்டீங்களா? அப்பவே திருத்தியிருக்கலாமே!”

“பேனாவை எடுத்தேன். கை வரல.”

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. அம்மா தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“சாகடிக்கறதுக்கு எனக்கு இன்னும் பத்துக் கதாநாயகி கிடைப்பா சார். டைப் அடிக்க இவ ஒருத்திதானே இருக்கா!”